வேறு செயலியில் நம் இயங்குதளம்: போர்ட்டிங் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மன்னார்குடியில் எங்கள் வீட்டு மாடியில் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏழெட்டுப் பேர் கூடுகிறோம். நீடாமங்கலம், திருத்துறைப்பூண்டி, கும்பகோணம் பக்கத்திலிருந்து பஸ் பிடித்து வரும் கல்லூரிப் பிள்ளைகள், ஒரு பாலிடெக்னிக் ஆசிரியர், பம்ப்செட் ஸ்டார்ட்டர் ரிப்பேர் பார்க்கும் ஓர் அண்ணன். செய்வது ஒரே வேலைதான். லினக்ஸ், நெட்பிஎஸ்டி போன்ற கட்டற்ற இயங்குதளங்களைப் புதுச் செயலிகளில் ஓட வைப்பது, ஏற்கெனவே ஓடும் செயலியில் உடைந்து கிடப்பதைச் சரி செய்வது. புதிதாக வருகிறவர்கள் கேட்பது பெரும்பாலும் இதே கேள்விகள். எழுதி வைத்துவிட்டால் நேரில் வர முடியாதவர்களுக்கும் உதவும் என்று தோன்றியது.

போர்ட் பண்ணுவது என்றால் என்ன?

ஒரு வகைச் செயலிக்காக எழுதிய இயங்குதளத்தை இன்னொரு வகைச் செயலியில் ஓட வைப்பது. உங்கள் லேப்டாப்பில் இருப்பது அநேகமாக இன்டெல் அல்லது ஏஎம்டி செயலி. அந்தக் குடும்பத்துக்கு எக்ஸ்86 என்று பெயர். கையில் இருக்கும் போனில் ஆர்ம். இரண்டுக்கும் கட்டளைகள் வேறு. ஒன்றுக்காகச் செய்த பைனரி, அதாவது செயலி நேரடியாக ஓட்டும் கோப்பு, மற்றதற்கு வெறும் எண் குவியல்.

நீடாமங்கலத்தில் மூணாறு தலைப்பு பார்த்திருப்பீர்கள். வெண்ணாறு அங்கே வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று மூன்றாகப் பிரிகிறது. மேலேயிருந்து வருவது ஒரே தண்ணீர். பிரிகிற இடத்தில் ஒவ்வோர் ஆற்றுக்கும் தனி ஷட்டர். இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலின் சோர்ஸும் (மூல நிரலும்) அப்படித்தான். ஃபைல் சிஸ்டம், நெட்வொர்க், எந்த நிரலுக்கு எப்போது முறை என்று பார்க்கும் பகுதி, எல்லாம் எல்லாச் செயலிக்கும் பொது. லினக்ஸில் ‘ஆர்ச்’ என்று ஒரு டைரக்டரி இருக்கிறது. அதற்குள் போனால் ஆர்ம், எக்ஸ்86, ரிஸ்க்-ஃபைவ் (இது இன்னொரு செயலிக் குடும்பம்) என்று தனித்தனி ஷட்டர்கள். போர்ட் எழுதுகிறவர் பெரும்பாலும் குடியிருப்பது அங்கேதான்.

இது எப்போது சாத்தியமானது?

முன்பெல்லாம் இயங்குதளத்தைப் பெரும்பாலும் அந்தந்த இயந்திரத்தின் கட்டளைகளையே நேரடியாக எழுதும் அசெம்ப்ளி மொழியில்தான் எழுதுவார்கள். இயந்திரம் பழசானால் அதுவும் போய்விடும். 1973-ல் யூனிக்ஸ் கெர்னலை சி மொழியில் திரும்ப எழுதியதும் நிலைமை மாறியது. 1977, 78 வாக்கில் பெல் லேப்ஸில் ஸ்டீபன் ஜான்சனும் டென்னிஸ் ரிச்சியும் அதை 16 பிட் பிடிபி-11-லிருந்து 32 பிட் இன்டர்டேட்டா 8/32-க்குக் கொண்டுபோனார்கள். அதே காலத்தில் ஆஸ்திரேலியாவில் வொல்லாங்காங் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் மில்லர் இன்டர்டேட்டா 7/32-ல் யூனிக்ஸை ஓட்டினார்.

லினக்ஸ் கதை எனக்கு இன்னும் பிடிக்கும். 1991 ஆகஸ்ட் 25 அன்று லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதிய முதல் அறிவிப்பிலேயே, இது வேறு இயந்திரத்துக்குப் போகாது, 386 செயலியை நம்பி எழுதியது என்று சொல்லியிருந்தார். 1995 மார்ச்சில் வந்த 1.2 பதிப்பில் ஆல்ஃபா, ஸ்பார்க், மிப்ஸ் மூன்றுக்கும் ஆதரவு சேர்ந்திருந்தது. போகாது என்று சொன்னது மூன்றரை வருஷத்தில் போய்விட்டது. இடையில் நடந்ததெல்லாம், 386-ஐ நம்பிய ஒவ்வோர் இடத்தையும் தேடிப் பிரித்து எடுத்த உழைப்பு.

சி மொழியில்தானே இருக்கிறது? வேறு கம்பைலரில் ஓட்டினால் போதாதா?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். கம்பைலர் என்பது சி நிரலைச் செயலியின் கட்டளைகளாக மாற்றும் மென்பொருள். பதிலும் இரண்டு பங்காக இருக்கிறது.

முதல் பங்கு சுலபம். சில வேலைகளைச் சொல்ல சி மொழியில் சொல்லே கிடையாது. செயலிக்குள் இருக்கும் சின்ன நினைவிடங்களான ரிஜிஸ்டர்களையெல்லாம் பத்திரப்படுத்திவிட்டு வேறு நிரலுக்கு மாறுவது, நிரலின் முகவரி நிஜ நினைவகத்தில் எங்கே இருக்கிறது என்று சொல்லும் பேஜ் டேபிளை மாற்றுவது, சாதனங்கள் செயலியைக் கூப்பிடும் இன்டரப்ட் வந்தவுடன் போய் நிற்க வேண்டிய இடம், இவற்றை ஒவ்வொரு செயலிக்கும் அசெம்ப்ளியில் எழுதித்தான் ஆக வேண்டும். சில நூறு வரிகள். கஷ்டம்தான், ஆனால் என்ன எழுத வேண்டும் என்று செயலியின் மேனுவல் சொல்லிவிடும்.

இரண்டாவது பங்கு எந்த மேனுவலிலும் இருக்காது. எழுதியவருக்கே தெரியாமல் நிரலுக்குள் உட்கார்ந்திருக்கும் நம்பிக்கைகள் அவை. அவருடைய இயந்திரத்தில் எப்போதும் உண்மையாக இருந்ததால், அது ஒரு நம்பிக்கை என்றே அவருக்குத் தோன்றியிருக்காது. புதுச் செயலிக்குப் போகும்போதுதான் ஒவ்வொன்றாக வெளியே வரும்.

பைட் வரிசையை எடுத்துக்கொள்ளுங்கள். ‘அ’ என்ற எழுத்துக்கு யூனிகோடில் எண் 2949. யுடிஎஃப்-16 முறையில் அதை இரண்டு பைட்டாக வைக்கிறோம்: 11, 133. பெரிய பாதியை முதலில் வைக்கும் செயலிகள் உண்டு, சின்னப் பாதியை முதலில் வைக்கும் செயலிகளும் உண்டு. ஒன்று எழுதியதை மற்றது கவனிக்காமல் அப்படியே படித்தால் 133, 11 என்று ஆகி எண் 34059 ஆகிவிடும். அந்த எண்ணில் இருப்பது ஒரு சீன எழுத்து. நம் அகரம் போன இடம் தெரியாது. யூனிக்ஸ் காலத்திலிருந்தே இந்தக் கோளாறுக்கு ‘நக்ஸி’ என்று பெயர். யூனிக்ஸ் என்ற ஆங்கில எழுத்துகளை இரண்டிரண்டாக இடம் மாற்றினால் அப்படித்தான் வரும். இன்று பெரும்பாலான இயந்திரங்கள் சின்னப் பாதியை முதலில் வைப்பவை. அதனாலேயே இந்தப் பிழை இப்போது யார் கண்ணிலும் படாமல் ஒளிந்திருக்கிறது. ஐபிஎம் மெயின்ஃபிரேமான எஸ்390எக்ஸ் வந்து காட்டிக்கொடுக்கும்.

இன்னொன்று நினைவக வரிசை. வாய்க்கால் தலைப்பில் இருக்கும் ஆள் மடையைத் திறந்துவிட்டு உங்களுக்குப் போன் செய்கிறார். போன் வந்தால் தண்ணீர் வந்திருக்கும் என்று நம்பி நீங்கள் வேலையை ஆரம்பிக்கிறீர்கள். எக்ஸ்86-ல் ஒரு கோர் (செயலிக்குள் தனியாக ஓடும் ஒரு பகுதி) முதலில் டேட்டாவையும் அப்புறம் ‘தயார்’ என்ற கொடியையும் எழுதினால், மற்ற கோர்கள் அதே வரிசையில்தான் பார்க்கும். தண்ணீர் வந்த பிறகுதான் போன். ஆர்மில் அந்த உத்தரவாதம் கிடையாது. போன் முந்தலாம், தண்ணீர் பிந்தலாம். நடுவில் ‘பேரியர்’ என்ற கட்டளையைப் போட்டு, தண்ணீர் போய்ச் சேராமல் போன் பண்ணாதே என்று சொல்ல வேண்டும். போடாவிட்டாலும் நிரல் ஆயிரம் தடவை சரியாக ஓடும், ஆயிரத்தோராவது தடவை உடையும். பிடிப்பதற்கு இதைவிடக் கஷ்டமான பிழையை நான் பார்த்ததில்லை.

நினைவகத்தைப் பிரிக்கும் துண்டான பேஜின் அளவு எப்போதும் 4096 பைட் என்று எழுதி வைத்திருப்பார்கள். 64 பிட் ஆர்மில் அது 16 கேபி, 64 கேபி என்றும் இருக்கலாம். நான்கு பைட் எண்ணை ஒற்றைப்படை முகவரியிலிருந்து படிப்பார்கள். எக்ஸ்86 பொறுத்துக்கொள்ளும், ஸ்பார்க் அங்கேயே நிரலைக் கொன்றுவிடும். இந்தப் பட்டியல் நீளம்.

தமிழ் எழுத்துக்கும் செயலிக்கும் சம்பந்தம் உண்டா?

உண்டு. எங்களுக்கே நடந்தது.

எங்கள் கூட்டத்தில் ஒரு பெண், ஊர் நூலகப் பட்டியலைப் படித்து எந்தப் பைட் எத்தனை தடவை வருகிறது என்று எண்ணும் சின்ன நிரலை சி-யில் எழுதினாள். 256 இடம் உள்ள ஓர் அட்டவணை. ஒவ்வொரு பைட்டையும் ‘கேர்’ என்ற ஒரு பைட் எண் வகையில் வாங்கி, அந்த எண்ணுள்ள இடத்தில் ஒன்று கூட்டுவது. அவளுடைய லேப்டாப்பில் தமிழ்ப் பட்டியலைக் கொடுத்தால் தமிழ் எழுத்துகளின் பைட் எண்ணிக்கை எல்லாம் பூஜ்ஜியம். அதே நிரலை ராஸ்பெர்ரி பை என்ற சின்ன ஆர்ம் கணினிப் பலகையில் கம்பைல் செய்து ஓட்டினால் சரியான விடை. “அண்ணே, லேப்டாப்தான் கெட்டுப்போச்சு போல” என்றாள்.

லேப்டாப்பில் கோளாறு இல்லை. யுடிஎஃப்-8-ல் ‘அ’ மூன்று பைட்: 224, 174, 133. ‘கேர்’ என்பதற்குக் கழித்தல் குறி உண்டா இல்லையா என்று சி மொழி முடிவு செய்யவில்லை. செயலிக்குச் செயலி விட்டுவிட்டது. எக்ஸ்86 லினக்ஸில் உண்டு. அங்கே 224 என்பது மைனஸ் 32 ஆகிவிடும். அட்டவணையின் மைனஸ் 32-ஆவது இடம் என்றால் அட்டவணைக்கு முன்னால் இருக்கும் யாருடைய நினைவகமோ. நிரல் அங்கே போய் ஒன்று ஒன்றாகக் கூட்டிக்கொண்டிருந்தது. ஆர்மிலும் ரிஸ்க்-ஃபைவிலும் கழித்தல் குறி கிடையாது, 224 என்றால் 224தான்.

ஆங்கில எழுத்துகள் எல்லாம் 128-க்குள் அடங்கிவிடும். ஆங்கிலப் பட்டியலைக் கொடுத்துச் சோதித்திருந்தால் இரண்டு இயந்திரமும் ஒரே விடை சொல்லியிருக்கும், பிழை அப்படியே தூங்கியிருக்கும். தமிழில் எழுதுகிறவர்கள் சோதனைக்கு வர வேண்டும் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்கு இதுதான் காரணம்.

எதிர்ப்பக்கமும் உண்டு. கோப்பு முடிந்தது என்பதற்கு மைனஸ் 1 வரும். அதை ‘கேர்’ வகையில் வாங்கி ஒப்பிட்டால் எக்ஸ்86-ல் நிற்கும். ஆர்மில் அது 255 ஆகிவிடும், மைனஸ் 1-க்குச் சமமாகவே ஆகாது, நிரல் நிற்கவே நிற்காது. இந்தத் தொல்லையே வேண்டாம் என்று லினக்ஸ் கெர்னலில் 2023-ல் வந்த 6.2 பதிப்பிலிருந்து எல்லாச் செயலிக்கும் கழித்தல் குறி இல்லாத ‘கேர்’ என்று முடிவு செய்துவிட்டார்கள்.

பலகை வாங்கப் பணம் இல்லை. என்ன செய்வது?

வாங்கவே வேண்டாம். கியூஎமு என்ற கட்டற்ற மென்பொருள் உங்கள் லேப்டாப்புக்குள் ஆர்ம், ரிஸ்க்-ஃபைவ், மிப்ஸ், எஸ்390எக்ஸ் என்று எந்த இயந்திரத்தையும் போலச் செய்து காட்டும். ஃபப்ரீஸ் பெல்லார்ட் 2003-ல் வெளியிட்டது. இங்கே வருகிறவர்களில் பெரும்பாலோர் முதல் ஆறு மாதம் பலகையைத் தொடுவதே இல்லை. ஒன்று மட்டும் மனதில் இருக்கட்டும்: கியூஎமு எல்லாவற்றையும் தத்ரூபமாகச் செய்யாது. நினைவக வரிசை, கேஷ் சம்பந்தமான பிழைகள் அதில் பெரும்பாலும் தெரியாது. அவற்றுக்குக் கடைசியில் நிஜ சிலிக்கான் வேண்டும்.

எந்த இயங்குதளத்தில் தொடங்கலாம்?

எக்ஸ்வி6. எம்ஐடியில் பாடம் நடத்துவதற்காக எழுதியது. பத்தாயிரம் வரிக்கும் குறைவு, பொறுமை இருந்தால் முழுவதையும் படித்துவிடலாம். முதலில் எக்ஸ்86-க்காக இருந்தது. 2019-ல் ரிஸ்க்-ஃபைவுக்கு மாற்றினார்கள். பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு போர்ட் எப்படி நடக்கிறது என்பதற்கு அதைவிட நல்ல பாடம் இல்லை.

அடுத்த படி நெட்பிஎஸ்டி. 1993-ல் ஆரம்பித்த திட்டம். எங்கும் ஓட வேண்டும் என்பதையே கொள்கையாக வைத்திருக்கிறார்கள். 50-க்கும் மேற்பட்ட இயந்திர வகைகளில் ஓடுகிறது. ஒரு சாதனத்தின் டிரைவர் தனி, அது எந்த வழியாகச் செயலியோடு இணைகிறது என்பது தனி என்று அவர்கள் பிரித்திருக்கும் ஒழுங்கைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டும். லினக்ஸ் கடலளவு பெரியது. அதன் பெரும்பகுதி டிரைவர்கள்தான் என்றாலும் முதல் நாளே அங்கே இறங்கினால் கரை தெரியாது. மூன்றாவதாக வாருங்கள்.

முதல் நாள் என்ன செய்ய வேண்டும்?

ஓர் எழுத்தைத் திரையில் வரவழைக்க வேண்டும். ஒரே ஓர் எழுத்து.

கியூஎமுவில் ரிஸ்க்-ஃபைவுக்கு ‘விர்ட்’ என்று ஓர் இயந்திரம் இருக்கிறது. அதில் ரேம் சரியாக 2 ஜிபி முகவரியில் ஆரம்பிக்கிறது. 256 எம்பி முகவரியில், அதாவது 268435456 என்ற எண்ணில், எழுத்துகளை ஒவ்வொன்றாக வெளியே அனுப்பும் ஒரு சீரியல் சிப் இருப்பதாக அமைத்திருக்கிறார்கள். அந்த முகவரியில் 72 என்ற எண்ணை எழுதினால் திரையில் ஆங்கில ‘எச்’ வரும். அவ்வளவுதான் இலக்கு. இயங்குதளம் இல்லை, ஆயத்த நிரல் தொகுப்புகளான நூலகங்கள் இல்லை, பிரிண்ட் கட்டளை இல்லை. நீங்களும் செயலியும் மட்டும்.

திருத்துறைப்பூண்டித் தம்பி ஒருவன் இதைச் செய்தபோது மூன்று மணி நேரம் திரை கறுப்பாகவே இருந்தது. நிரலில் அசெம்ப்ளி இரண்டு வரி. அதிலிருந்து சி ஃபங்ஷனுக்குத் தாவல். அந்த ஃபங்ஷன் 72-ஐ எழுதும். முகவரி சரி, எண் சரி. அந்த அறையில் கிடைத்த ஒரே தடயம் சத்தம். கியூஎமுவை ஓட்டியதும் லேப்டாப் ஃபேன் இரைய ஆரம்பித்தது, நிறுத்தியதும் அடங்கியது. அப்படியென்றால் செயலி நின்றுபோகவில்லை, எங்கேயோ வேகமாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது.

பிழை தேடும் கருவியான ஜிடிபியை இணைத்து ரிஜிஸ்டர்களைப் பார்த்தோம். ஃபங்ஷன்கள் தற்காலிகமாக எதையும் வைக்கும் இடமான ஸ்டாக் எங்கே என்று சொல்லும் ஸ்டாக் பாயின்டரில் உருப்படியான முகவரியே இல்லை. சி ஃபங்ஷன் உள்ளே நுழைந்தவுடன் செய்யும் முதல் வேலை ஸ்டாக்கில் எதையாவது எடுத்து வைப்பது. அந்த இடத்தில் நினைவகமே கிடையாது. செயலி தடுக்கி விழுந்து, பிழை வந்தால் போக வேண்டிய இடத்தைத் தேடியது. அதையும் யாரும் சொல்லி வைக்கவில்லை, பூஜ்ஜியத்தில் இருந்தது. அங்கே போய் மறுபடி விழுந்தது. மறுபடி, மறுபடி. நொடிக்கு லட்சக்கணக்கான தடவை விழுந்துகொண்டிருந்ததுதான் அந்த ஃபேன் சத்தம்.

ஸ்டாக் பாயின்டருக்கு ஒரு முகவரி கொடுக்கும் ஒரு வரியைச் சேர்த்தான். ‘எச்’ வந்தது. கீழே போய் எங்கள் அம்மாவைக் கூட்டி வந்து காட்டினான். அம்மாவும் நாற்காலியில் உட்கார்ந்து, அந்த ஓர் எழுத்து எங்கேயிருந்து வருகிறது என்று முழுவதும் கேட்டார்கள்.

அதற்கு அப்புறம்?

பிழை வந்தால் செயலி போய் நிற்க ஓர் இடம், அது எந்தப் பிழை என்று அச்சிட ஒரு வழி. இதை முதலில் செய்துவிடுங்கள், மேலே சொன்ன மூன்று மணி நேரம் உங்களுக்கு மிச்சம். பிறகு பேஜ் டேபிள். அதை இயக்கும் அந்த ஒரு கட்டளையில்தான் பாதிப் பேர் வாரக்கணக்கில் நிற்பார்கள், ஏனென்றால் அடுத்த கட்டளையின் முகவரியே அந்த நொடியில் அர்த்தம் மாறிவிடுகிறது. பழைய முகவரி, புதிய முகவரி இரண்டிலும் அதே இடம் தெரியும்படி கொஞ்ச நேரத்துக்கு வைத்துக்கொள்ள வேண்டும். பிறகு டைமர் இன்டரப்ட், நிரலுக்கு நிரல் மாறுவது, சிஸ்டம் கால் (நிரல் கெர்னலிடம் உதவி கேட்கும் வழி), முதல் யூசர் நிரல். இந்த வரிசையை மாற்ற வேண்டாம்.

டிவைஸ் ட்ரீ என்கிறார்களே, அது என்ன?

கணினியில் என்னென்ன சிப் எந்த முகவரியில் இருக்கிறது என்று எழுதிய பட்டியல். பிசியில் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வழி உண்டு. ஆர்ம் பலகைகளில் பெரும்பாலும் கிடையாது. அதனால் ஒவ்வொரு பலகைக்கும் ஒரு சி கோப்பு என்று கெர்னலுக்குள் குவிந்துகொண்டே போனது. 2011-ல் டோர்வால்ட்ஸ் கோபித்துக்கொண்டார். அதன் பிறகு ஆர்ம்காரர்கள், ஸ்பார்க், பவர்பிசி இயந்திரங்களில் ஏற்கெனவே இருந்த டிவைஸ் ட்ரீ முறைக்கு வந்தார்கள். இப்போது கெர்னல் ஒன்று, பட்டியல்தான் பலகைக்குப் பலகை வேறு.

கெர்னல் ஓடிவிட்டது. வேலை முடிந்ததா?

பாதிகூட இல்லை. கெர்னலை மட்டும் வைத்துக்கொண்டு யாரும் எதுவும் செய்ய முடியாது. சி நூலகம், ஷெல், கம்பைலர், பைத்தான், பிரவுசர் எல்லாம் வேண்டும். இவற்றைப் புதிய இயந்திரத்திலேயே கம்பைல் செய்யலாம் என்றால் அங்கே கம்பைலர் இல்லை. கம்பைலரைக் கம்பைல் செய்யவே கம்பைலர் வேண்டும். ரஸ்ட்டைக் கட்ட ரஸ்ட் வேண்டும், ஜாவாவைக் கட்ட ஜாவா வேண்டும்.

நமக்கு இது புதிதல்ல. நடவு வயலில் நேரடியாக எல்லாவற்றையும் முளைக்க வைப்பதில்லை. நாற்றங்காலில் வளர்த்து, பறித்து, கட்டி, கொண்டுபோய் நடுகிறோம். உங்கள் எக்ஸ்86 லேப்டாப் நாற்றங்கால். அதில் ஓடிக்கொண்டு புதிய செயலிக்கான பைனரியை உண்டாக்கும் ‘கிராஸ் கம்பைலர்’ ஒன்றைக் கட்டுங்கள். அதை வைத்து சி நூலகம், ஷெல், கம்பைலர் என்று ஒரு சின்ன நாற்றுக்கட்டை உண்டாக்கிப் புதிய இயந்திரத்தில் நட வேண்டும். அது வேர் பிடித்த பிறகு அங்கேயே, அந்த இயந்திரத்தாலேயே, எல்லாவற்றையும் மறுபடி கட்ட வேண்டும். அப்போதுதான் அந்த வயல் தனக்கு வேண்டிய விதையைத் தானே விளைவிக்கிறது.

டெபியன் என்ற லினக்ஸ் தொகுப்பில் இந்த வேலை எவ்வளவு பெரியது என்பதை ரிஸ்க்-ஃபைவைப் பார்த்தால் தெரியும். லினக்ஸ் கெர்னலில் அந்தச் செயலிக்கு ஆதரவு வந்தது 2018 ஜனவரியில், 4.15 பதிப்பில். டெபியனின் அதிகாரபூர்வ வெளியீட்டில் அது சேர்ந்தது 2025 ஆகஸ்ட் 9 அன்று வந்த டெபியன் 13-ல். இடையில் ஏழரை வருஷம். ஆயிரக்கணக்கான பேக்கேஜ்களைக் கட்டிப் பார்த்து, உடைந்ததைத் திருத்தி, எழுதியவர்களுக்குத் திருப்பி அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். உள்ளே நுழைய நல்ல வாசல் இங்கேதான் இருக்கிறது. ஒரு பேக்கேஜ் ஒரு செயலியில் மட்டும் கட்ட முடியாமல் நிற்கும். லாக் எல்லாருக்கும் திறந்தே கிடக்கும். எடுத்துப் படித்துச் சரி செய்யலாம்.

கம்பைல் நடுவில் கரண்ட் போனால்?

கம்பைல் வேலையை நடத்தும் ‘மேக்’ விட்ட இடத்திலிருந்து தொடரும். ஆனால் கரண்ட் போன நொடியில் எழுதிக்கொண்டிருந்த ஆப்ஜெக்ட் கோப்புகள் பூஜ்ஜியம் பைட்டாக நின்றுவிடலாம். மேக் அவற்றின் தேதியை மட்டும் பார்த்து ‘ஆயிற்று’ என்று தாண்டிப் போய்விடும். கடைசியில் லிங்க் ஆகும்போது புரியாத பிழை வரும். தொடர்வதற்கு முன் பூஜ்ஜியம் அளவுள்ள ஆப்ஜெக்ட் கோப்புகளைத் தேடி அழித்துவிடுங்கள். ஏற்கெனவே கம்பைல் செய்ததைச் சேமித்து வைக்கும் ‘சிகேஷ்’ போட்டுக்கொள்வதும் நல்லது. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது எங்கள் பக்கம் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. அதற்கு அப்புறம்தான் சோர்ஸ் முழுவதையும் இரண்டு இடத்தில் வைத்துக்கொள்ளும் பழக்கம் வந்தது.

என்னிடம் பழைய 32 பிட் கணினி இருக்கிறது. பயன்படுமா?

பயன்படும். ஆனால் ஆதரவு குறைந்துகொண்டே வருகிறது. டெபியன் 13-லிருந்து 32 பிட் எக்ஸ்86-க்குத் தனி இன்ஸ்டாலரும் கெர்னலும் இல்லை. நெட்பிஎஸ்டி இன்னும் அந்த இயந்திரங்களைக் கைவிடவில்லை. அதைப் போட்டுப் பாருங்கள்.

கூடவே 2038 பிரச்சினையையும் தெரிந்துகொள்ளுங்கள். நேரத்தை 1970-லிருந்து நொடிக் கணக்கில் 32 பிட் எண்ணில் வைத்தால், 2147483647-ஐத் தொட்டதும் இடம் தீர்ந்துவிடும். நம் நேரப்படி அது 2038 ஜனவரி 19, செவ்வாய்க்கிழமை காலை 8 மணி 44 நிமிடம் 7 நொடி. அடுத்த நொடி கணினி 1901-க்குப் போய்விடும். இதைத் தவிர்க்க 32 பிட் ஆர்மில் டெபியன் நேரத்தை 64 பிட்டுக்கு மாற்றிவிட்டது.

சேர்த்த செயலியை ஏன் பிறகு நீக்குகிறார்கள்?

பார்த்துக்கொள்ள ஆள் இல்லாததால். 386 செயலிக்கான ஆதரவையே 2013-ல் 3.8 பதிப்பில் எடுத்துவிட்டார்கள். லினக்ஸ் பிறந்ததே அதில்தான். 2018-ல் 4.17-ல் ஒரே மூச்சில் எட்டு ஆர்க்கிடெக்சர்கள் (செயலி வகைகள்) போயின. 2024 ஜனவரியில் வந்த 6.7-ல் இன்டெல்லின் இட்டானியம் செயலி போனது. பொதுப் பகுதியில் ஒருவர் ஒன்றை மாற்றினால் ஒவ்வோர் ஆர்ச் டைரக்டரியிலும் அதற்கேற்ப மாற்ற வேண்டும். ஓட்டிப் பார்த்துச் சொல்ல யாருமே இல்லாத செயலி எல்லாருக்கும் சுமை. நீக்கியது தவறு என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் மாதம் ஒருமுறை புதிய கெர்னலை ஓட்டிப் பார்த்து ‘சரியாக இருக்கிறது’ என்று எழுதி அனுப்பும் ஒருவர் இருந்திருந்தால் அவற்றில் சில பிழைத்திருக்கும். அந்த ஒருவராக இருக்க பெரிய படிப்பு தேவையில்லை.

நம் நாட்டுச் செயலிகள் ஏதாவது உண்டா?

உண்டு. சென்னை ஐஐடியில் பேராசிரியர் காமகோடி குழு உருவாக்கிய சக்தி செயலியில் 2018-ல் லினக்ஸ் பூட் ஆனது. ஒரு சிப்பை இன்டெல்லின் 22 நானோமீட்டர் ஆலையிலும், இன்னொன்றைச் சண்டிகரை அடுத்த மொஹாலியில் உள்ள அரசு ஆலையில் 180 நானோமீட்டரிலும் செய்தார்கள். மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் செய்யும் செயலி வரிசைக்குப் பெயர் வேகா. இரண்டும் ரிஸ்க்-ஃபைவ்தான். அதன் கட்டளைத் தொகுப்பு திறந்தது, யாருக்கும் உரிமத் தொகை கட்ட வேண்டாம். வேகா வரிசையில் தேஜஸ்32 சிப் உள்ள பலகைகளில் ரேம் 256 கேபி மட்டுமே, லினக்ஸ் ஓடாது. சின்ன ஆர்டிஓஎஸ் (குறித்த நேரத்துக்குள் பதில் தர வேண்டிய கருவிகளுக்கான இயங்குதளம்) ஒன்றைப் போர்ட் செய்து பழக ஏற்றது. கியூஎமுவில் ரிஸ்க்-ஃபைவ் கற்றவருக்கு இந்தச் செயலிகளின் கட்டளைகள் ஏற்கெனவே தெரியும்.

ஆங்கிலம் சரளமாக வராது. பேட்ச் (நிரல் திருத்தம்) அனுப்பலாமா?

அனுப்புங்கள். கெர்னல்காரர்கள் எதிர்பார்ப்பது மூன்று விஷயம்: என்ன உடைந்தது, ஏன் உடைந்தது, இந்த மாற்றம் எப்படிச் சரி செய்கிறது. நான்கு எளிய வரி போதும். எந்தச் செயலியில், எந்தக் கம்பைலரில் சோதித்தீர்கள் என்று எழுதுங்கள். சாதாரண எழுத்தாகவே மின்னஞ்சல் போக வேண்டும், இணைப்பாக அல்ல. பதில் வரவில்லையென்றால் ஒரு வாரம், இரண்டு வாரம் கழித்து மரியாதையாக நினைவூட்டுங்கள். என்னுடைய முதல் பேட்சை மூன்று தடவை திருப்பி அனுப்பினார்கள். ஒவ்வொரு தடவையும் அவர்கள் சொன்னது சரி.

எவ்வளவு நாள் ஆகும்? வேலை கிடைக்குமா?

சி நன்றாகத் தெரிந்தவர் வாரம் ஒரு நாள் உட்கார்ந்தால், எக்ஸ்வி6-ஐ ரிஸ்க்-ஃபைவிலிருந்து 64 பிட் ஆர்முக்குக் கியூஎமுவில் கொண்டுபோக ஐந்தாறு மாதம். எங்கள் கூட்டத்தில் அப்படித்தான் ஆனது.

வேலையைப் பொறுத்தவரை, சிப் செய்யும் நிறுவனங்கள் புதிய பலகையில் இயங்குதளத்தை ஏற்றுவதற்கென்றே ஆட்களை வைத்திருக்கின்றன. சென்னையிலும் பெங்களூரிலும் அந்த வேலை இருக்கிறது. நேர்முகத்தில் ஸ்டாக் பாயின்டர் கேள்வி வந்தால் நம் பிள்ளைகள் திணற மாட்டார்கள். கிடைத்தே தீரும் என்று சொல்லி யாரையும் இங்கே கூப்பிடுவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை வரலாமா? என்ன கொண்டு வர வேண்டும்?

வாருங்கள். லேப்டாப் எவ்வளவு பழசாக இருந்தாலும் பரவாயில்லை, டிஸ்கில் 20 ஜிபி காலியாக இருக்கட்டும். கியூஎமுவையும் ரிஸ்க்-ஃபைவ் கிராஸ் கம்பைலரையும் வீட்டிலேயே இறக்கிப் போட்டுக்கொண்டு வந்தால் காலை நேரம் வீணாகாது. இங்கே நெட் மெதுவாகத்தான் வரும். பலகை வைத்திருப்பவர்கள் சீரியல் கேபிள் வாங்கும்போது 3.3 வோல்ட் என்று கேட்டு வாங்குங்கள். 5 வோல்ட் கேபிளைச் செருகி ஒரு பலகையை நான் இழந்திருக்கிறேன். அனுப்பும் பின்னைப் பெறும் பின்னோடு மாற்றி இணைக்க வேண்டும், கிரவுண்டை மறக்கக் கூடாது. ஒரு நோட்டும் பேனாவும் கட்டாயம். பேஜ் டேபிளைக் கையால் வரையாமல் யாருக்கும் புரிந்ததில்லை. ஒன்பதரைக்கு ஆரம்பிக்கிறோம், மதியச் சாப்பாடு இங்கேயே.